நின்றெழுந்த உயரம்

நுழையும்முன்

ஓடிவந்து தாண்டுபவருக்கு ஓட்டம் துணைநிற்கும். நின்ற இடத்திலிருந்தே எழும்புபவருக்குத் தம் உடலும் உள்ளமுமே துணை. சிறுவயதில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் முடங்கிய ஒருவர், பின்னாளில் உலகின் தலைசிறந்த உயரம் தாண்டும் வீரர்களுள் ஒருவராக உயர்ந்தார். ஒலிம்பிக் களத்தில் ஒருமுறையும் தோல்வி காணாத அவர், தம் தொழிலால் ஒரு மாநகரின் தாகம் தீர்க்கும் பணியிலும் பங்குகொண்டார். அவருடைய வாழ்க்கையை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மலையைத் தாண்டிய நீர்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு, இருபுறமும் மலைகள் அரண்போல் நிற்க, நடுவே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் விரிந்து கிடக்கும் செழுமையான நிலப்பகுதி. இப்பள்ளத்தாக்கின் பசுமைக்குக் காரணமான நீர், இயல்பாக இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டிய நீரன்று. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைக் குறுக்கே அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட பெருஞ்செயல் 1895ஆம் ஆண்டு நிறைவுற்றது. அப்பணியை முன்னின்று முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கை இவ்வட்டார உழவர்கள் இன்றும் தைத்திங்களில் பொங்கலிட்டு நினைவுகூர்கின்றனர். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனப் பாய்ந்து வைகையைச் சேரும் அந்நீரால், பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைவிக்கிறது.

இப்பள்ளத்தாக்கின் வாய்க்கால் கரையில் ஒரு பள்ளித் திடலை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். இரண்டு தூண்கள், அவற்றிடையே ஒரு குறுக்குக் கம்பம், அதற்கப்பால் மணல் பரப்பிய குழி. உயரம் தாண்டுதலுக்கு வேண்டிய களம் இவ்வளவே. வரிசையில் நிற்கும் மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஓடிவந்து தாண்டுகின்றனர். அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டு, கம்பத்தின் அருகே நின்றவாறே இரு கால்களையும் ஒருசேர உந்தித் தாண்டச் சொன்னால் எத்தனைபேர் இடுப்பளவு உயரத்தையேனும் கடப்பர்? ஒருகாலத்தில் ஒலிம்பிக் விளையாட்டிலேயே அப்படியொரு போட்டி நடைபெற்றது. அதில் ஒப்பாரும் மிக்காருமின்றி விளங்கியவர் ரே யூரி. மலையைத் தாண்டி நீரைக் கொணரும் பொறியியல் கலைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்பது வியப்பூட்டும் செய்தி.

முடங்கிய இளமை

ரேமண்ட் கிளாரன்ஸ் யூரி என்னும் முழுப்பெயர் கொண்ட இவர், 1873ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் இண்டியானா மாநிலத்தில் வாபாஷ் ஆற்றங்கரை நகரான லஃபயட்டில் பிறந்தார். ஓடியாடித் திரிய வேண்டிய பருவத்தில் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. கால்கள் வலுவிழந்தன. சக்கர நாற்காலியே அவருடைய உலகமாயிற்று. வாழ்நாள் முழுவதும் அவர் நடக்க இயலாமற் போகலாம் என்று சுற்றியிருந்தோர் அஞ்சினர்.

அந்நாளில் இந்நோயின் காரணம் எவருக்கும் தெரியாது. தடுப்பு மருந்து இல்லை. முறையான இயன்முறைப் பயிற்சி வளர்ந்திருக்கவில்லை. நோயுற்ற குழந்தையைப் படுக்கையிலோ நாற்காலியிலோ இருத்தி, காலம் ஆற்றட்டும் என்று காத்திருப்பதே பெரும்பாலான வீடுகளின் நிலை. இளம்பிள்ளை வாத நுண்மி தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களை அழிக்கிறது. அழிந்த நரம்பணு மீண்டும் தோன்றுவதில்லை. ஆயினும் எஞ்சிய நரம்பணுக்கள் புதிய கிளைகளை விட்டு, கைவிடப்பட்ட தசையிழைகளோடு இணைந்து அவற்றை இயக்க முயல்கின்றன. எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது நோயாளிக்கு நோயாளி வேறுபடும். தமக்குள் எஞ்சியிருந்த வலிமை எவ்வளவு என்பதைச் சிறுவன் யூரி அறிந்திருக்க வழியில்லை. அறியாமலே முயன்றார்.

கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சிகளை அவர் தாமாகவே மேற்கொண்டார். நிற்கப் பழகினார், நடக்கப் பழகினார், பிறகு எழும்பிக் குதிக்கப் பழகினார். நோயிலிருந்து மீளும் வழியாகத் தொடங்கிய குதித்தலே பின்னர் அவருடைய கலையாயிற்று. ஓட்டத்தில் வல்லவராய் இருந்து தாண்டுதலுக்கு வந்தவர் அல்லர் அவர். நின்ற இடத்தில் தம் கால்களை நம்பக் கற்றுக்கொண்டவர். அதனால்தான் நின்ற நிலைத் தாண்டுதல் அவருக்கு இயல்பாகவே பொருந்தியது.

யூரி மீண்டதைப்போல் எல்லாரும் மீண்டுவிட முடியாது. முயற்சி குறைந்ததால் நடக்க இயலாமற் போனவர்கள் என்று எவரையும் எண்ணிவிடுதல் பிழை. நோய் விட்டுவைத்ததைக் கொண்டு என்ன செய்தார் என்பதே யூரியின் வாழ்வில் நாம் கருத வேண்டியது.

கல்வியும் களமும்

1890ஆம் ஆண்டில் வாபாஷ் ஆற்றின் மறுகரையில் அமைந்த பர்டியூ பல்கலைக்கழகத்தில் யூரி சேர்ந்தார். இயந்திரப் பொறியியல் பயின்றார். நாற்காலியில் முடங்கியிருந்த சிறுவன், அங்குக் கால்பந்தாட்டத்திலும் தடகளத்திலும் பங்கேற்கும் இளைஞனாக வளர்ந்திருந்தான். பட்டம் பெற்றபின்பும் சில ஆண்டுகள் பல்கலைக்கழகத்திலேயே தங்கி மேற்படிப்பையும் பயிற்சியையும் தொடர்ந்தார். பின்னர் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்து, புகழ்பெற்ற நியூயார்க் தடகளக் கழகத்தில் உறுப்பினரானார். பகலில் பொறியாளர் பணி, ஓய்வு நேரத்தில் பயிற்சி என்று அவர் வாழ்க்கை அமைந்தது. விளையாட்டைப் பிழைப்பாகக் கொள்ளாத காலம் அது. பதக்கம் வென்றாலும் மறுநாள் அலுவலகம் செல்ல வேண்டும்.

ஓட்டமில்லாத் தாண்டுதல்

யூரியின் சாதனையை உணர, அவர் பங்கேற்ற போட்டியின் இயல்பை அறிதல் வேண்டும். இன்றைய உயரம் தாண்டுதலில் வீரர் வளைந்த பாதையில் ஓடிவருகிறார். கடைசி அடியில் ஒரு காலை உறுதியாக ஊன்றும்போது, முன்னோக்கிய வேகத்தின் ஒரு பகுதி மேல்நோக்கிய வேகமாக மாறுகிறது. ஓட்டத்தில் சேர்த்த ஆற்றலே அவரை மேலே தூக்குகிறது.

நின்ற நிலை உயரம் தாண்டுதலில் அத்தகைய சேமிப்பு எதுவுமில்லை. கம்பத்துக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கால்களை மடக்கி, கைகளைப் பின்னே வீசி, ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று மூட்டுகளையும் ஒருசேர நிமிர்த்தி உந்த வேண்டும். முன்னே வீசப்படும் கைகளும் அவ்வுந்துதலுக்கு உதவுகின்றன. இரு பாதங்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழ வேண்டும். அடியெடுத்து வைத்தல் கூடாது. மேலெழுந்தபின் ஒரு கால் முதலில் கம்பத்தைக் கடக்கும். உடல் சாய்ந்து தொடரும். மறுகால் கடைசியில் வரும். உடலின் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பத்தைக் கடப்பதால், எழும்பிய உயரம் வீணாகாமல் பயன்படுகிறது. அக்காலத்தில் நுரைமெத்தை கிடையாது. மணலில் கால் ஊன்றி இறங்க வேண்டும் என்பதால், தாண்டும்போதே இறங்குவதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

பாரிஸ் 1900

1900ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டு, பாரிஸ் உலகக் கண்காட்சியோடு இணைத்து நடத்தப்பட்டது. தடகளப் போட்டிகள் புலோன் பூங்காக் காட்டில் புல்தரையின்மேல் நடந்தன. ஜூலை 16ஆம் நாள் நின்ற நிலைத் தாண்டுதல் போட்டிகள் மூன்றும் அடுத்தடுத்து நடைபெற்றன. அப்போது யூரிக்கு வயது 26.

நின்ற நிலை உயரம் தாண்டுதலில் அவர் 1.655 மீட்டரைக் கடந்தார். ஏறத்தாழ ஐந்தடி ஐந்து அங்குலம்! அது புதிய உலகச் சாதனை. இரண்டாம் இடம்பெற்ற அவர் நாட்டு வீரர் இர்விங் பாக்ஸ்டர் கடந்தது 1.525 மீட்டர். இருவருக்கும் இடையே 13 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. அதே நாளில் நின்ற நிலை நீளம் தாண்டுதலிலும் நின்ற நிலை மும்முறைத் தாண்டுதலிலும் யூரியே முதலிடம் பெற்றார். அவ்விரண்டிலும் பாக்ஸ்டரே இரண்டாமவர்.

பாக்ஸ்டர் எளிய வீரர் அல்லர். அதே ஒலிம்பிக்கில் ஓடிவந்து உயரம் தாண்டும் போட்டியில் 1.90 மீட்டர் தாண்டிப் பதக்கம் வென்றவர். கோலூன்றித் தாண்டுதலிலும் முதலிடம் பெற்றவர். முழு ஓட்டத்தின் துணையோடு அன்றைய ஒலிம்பிக் வெற்றியாளர் எட்டிய உயரத்துக்கும், ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் யூரி எட்டிய உயரத்துக்கும் இடையே 24.5 சென்டிமீட்டர்தான் வேறுபாடு. ஒருகாலத்தில் நிற்கவும் இயலாதிருந்த கால்கள் அவை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் பொருள் விளங்கும். பாரிஸ் மக்கள் அவருக்கு மனிதத் தவளை என்று பெயர் சூட்டினர்.

தோல்வி அறியாத எட்டாண்டுகள்

அடுத்த ஒலிம்பிக் 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்தது. யூரி மீண்டும் மூன்று போட்டிகளிலும் வென்றார். நின்ற நிலை நீளம் தாண்டுதலில் அவர் எட்டிய 3.47 மீட்டர், உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. அப்போட்டியே பின்னாளில் கைவிடப்படும்வரை அச்சாதனையை எவரும் முறியடிக்கவில்லை. செயின்ட் லூயிசுக்குப் பிறகு, நின்ற நிலை மும்முறைத் தாண்டுதல் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. எஞ்சிய இரண்டு போட்டிகளிலும் அவர் 1906ஆம் ஆண்டு ஏதென்சில் நடைபெற்ற இடைக்கால விளையாட்டில் வென்றார். அவ்விளையாட்டைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு ஒலிம்பிக்காகக் கணக்கில் கொள்வதில்லை.

1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கின்போது யூரிக்கு வயது 34. போட்டியாளர்கள் அவரைவிட இளையவர்கள். நின்ற நிலை உயரம் தாண்டுதலில் அவர் கடந்த உயரம் 1.57 மீட்டர், அடுத்து வந்தோர் 1.55 மீட்டர் தாண்டினர். பாரிசில் 13 சென்டிமீட்டராக இருந்த இடைவெளி இலண்டனில் 2 சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது. ஆயினும் உயரத்திலும் நீளத்திலும் முதலிடம் அவருக்கே கிடைத்தது. வயது தம் கால்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தை எடுத்துக்கொள்வதை அறிந்தே களமிறங்கி, வெற்றியோடு விடைபெற்றார்.

மூன்று ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற எட்டுப் போட்டிகள், எட்டிலும் தங்கம். தனிநபர் போட்டிகளில் எட்டு ஒலிம்பிக் தங்கம் என்னும் அச்சாதனை ஒரு நூற்றாண்டுக்காலம் நிலைத்தது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் அதனைக் கடந்தார்.

(தெரிந்து தெளிவோம்: யூரி தம் கடைசி ஒலிம்பிக்கில் பங்கேற்ற அதே 1908ஆம் ஆண்டில், கார்ல் லேண்ட்ஸ்டைனர், எர்வின் பாப்பர் ஆகிய மருத்துவ அறிஞர்கள் இளம்பிள்ளை வாதம் நுண்மியால் உண்டாவது என்பதை வியன்னாவில் கண்டறிந்தனர். ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி 1955ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய சொட்டு மருந்து பரவலாயிற்று. இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் கண்டறியப்பட்டது 2011ஆம் ஆண்டு ஜனவரியில். 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இந்தியா இந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.)

நீரைக் கொணர்ந்த கைகள்

களத்தில் கால்கள் பெற்றுத்தந்த புகழ் ஒருபுறமிருக்க, யூரியின் அன்றாட உழைப்பு வேறொரு துறையில் இருந்தது. அவர் நியூயார்க் மாநகரின் நீர்வழங்கல் பணிகளில் நீரியல் பொறியாளராகப் பணியாற்றினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாநகரம் வேகமாக விரிந்துகொண்டிருந்தது. இருந்த நீர் போதவில்லை. 1905ஆம் ஆண்டு நீர்வழங்கல் வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கேட்ஸ்கில் மலைகளில் ஆற்றைத் தேக்கி, மலைகளைக் குடைந்து, ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையில் சுரங்கம் அமைத்து, நகரத்துக்கு நீர் கொணரும் பெருந்திட்டத்தை அவ்வாரியம் நிறைவேற்றியது.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கு இச்செயலின் அருமையை விளக்க வேண்டியதில்லை. குமுளிமலை அடிவாரத்தில் சுரங்கத்தைக் கடந்துவரும் நீரைக் கண்டவர்கள் அவர்கள். பென்னிகுவிக்கின் பணி நிறைவுற்ற 1895இல் யூரி பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். ஆயினும் இருவருடைய துறையும் ஒன்றே. இருக்கும் இடத்திலிருந்து வேண்டும் இடத்துக்கு நீரைச் சேர்ப்பதே அத்துறை. உழவருக்குப் பென்னிகுவிக்கின் பெயர் தெரியும். நியூயார்க்கில் குழாயைத் திறந்து நீர் பருகுவோருள் யூரியின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே இருப்பர்.

மறைந்த போட்டி, மறையாத உயரம்

1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கோடு நின்ற நிலைத் தாண்டுதல் போட்டிகள் முடிவுக்கு வந்தன. அவ்வாண்டு உயரம் தாண்டுதலில் வென்ற பிளாட் ஆடம்ஸ் கடந்த உயரம் 1.63 மீட்டர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் யூரி எட்டியதைவிட அது குறைவே. அதன்பின் அப்போட்டி மறைந்தது. போட்டி மறைந்ததால் அதன் தலைசிறந்த வீரரும் மெல்ல மறக்கப்பட்டார். ஒரு மனிதரின் திறன் குறையாமலே, அத்திறனை அளக்கும் கோல் உலகிலிருந்து நீங்கிவிடலாம் என்பதற்கு யூரியின் வாழ்வு சான்று.

1937ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், தம் 63ஆம் வயதில் நியூயார்க்கில் யூரி மறைந்தார். 1974ஆம் ஆண்டு அமெரிக்கத் தடகளப் புகழ்மன்றம் அவருடைய பெயரைச் சேர்த்துச் சிறப்பித்தது.

உயரம் தாண்டுதல் வேறு வடிவில் வளர்ந்தது. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி முதுகுப்புறமாகக் கம்பத்தைக் கடந்து 2.24 மீட்டர் தாண்டி வென்றார். நுரைமெத்தை வந்தபின்பே அம்முறை இயல்வதாயிற்று. கியூபா வீரர் ஹாவியர் சோட்டோமேயர் 1993ஆம் ஆண்டு கடந்த 2.45 மீட்டர் உலகச் சாதனையாக விளங்குகிறது. தமிழரும் இப்போட்டியில் தடம் பதித்துள்ளனர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டி, இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைப் பெற்றுத்தந்தார்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து மோதி வலக்கால் சிதைந்தவர். அவர் 2016ஆம் ஆண்டு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். யூரியின் காலில் நோய் விட்டுவைத்த வலிமையும், மாரியப்பனின் காலில் விபத்து விட்டுவைத்த வலிமையும் வேறு வேறு. இருவரும் இழந்ததை எண்ணி ஓய்ந்துவிடாமல் எஞ்சியதைக் கொண்டு எழுந்தனர்.

வாழ்க்கையில் எல்லார்க்கும் ஓட்டப்பாதை ஒரே நீளத்தில் கிடைப்பதில்லை. சிலர்க்கு நீண்ட பாதையும் நல்ல வேகமும் வாய்க்கின்றன. சிலர் கம்பத்தின் அடியிலேயே நின்றுகொண்டு தாண்ட வேண்டியவராகின்றனர். எட்டிய உயரத்தை மட்டும் அளப்போர்க்கு 1.90 பெரிது, 1.655 சிறிது. புறப்பட்ட இடத்தையும் சேர்த்து அளக்கத் தெரிந்தவர்க்கே யூரியின் உயரம் புலப்படும். மாலையில் பள்ளித் திடலின் மணற்குழி அருகே நிற்கும்போது, ஒருமுறை ஓடாமல் நின்று தாண்டிப் பாருங்கள். அந்த மனிதர் எட்டிய உயரம் எத்தகையது என்பதை உங்கள் கால்களே உங்களுக்குச் சொல்லும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளித் திடலில் ஓடிவந்து தாண்டும் உயரத்தையும் நின்ற நிலையில் தாண்டும் உயரத்தையும் உடற்கல்வி ஆசிரியரின் துணையோடு அளந்து, இரண்டுக்குமான வேறுபாட்டை வகுப்பில் பட்டியலிடுக.

2. உங்கள் ஊருக்குக் குடிநீரோ பாசன நீரோ எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்டறிந்து, அதன் வழித்தடத்தை விளக்கி ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.

3. ஒரு போட்டியே கைவிடப்படும்போது அதில் சாதித்தவரின் பெருமையும் குறைந்துவிடுமா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து கலந்துரையாடுக.